சோனா மசாலா வீட்டின் கணக்கு

நுகர்வுப் பண்பாட்டைச் சாடும் நாவல்கள் பல, பொருள்களின் பெயர்களை அடுக்கியே சாடுகின்றன. பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘அமெரிக்கன் சைக்கோ’ (1991) பக்கம் பக்கமாக உடைகளையும் பிராண்டுகளையும் கொட்டுகிறது. முதலில் திகைக்கவைக்கும் அந்த அடுக்கு, போகப்போக வெறும் விலைப்பட்டியலாகச் சலித்துவிடுகிறது. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ (2013) பொருள்களை விட்டு, அவற்றை வாங்கும் வீட்டைப் பார்க்கிறது. அதனால்தான் இதன் குத்து ஆழமாக இறங்குகிறது.

பெங்களூரில் ஒரு கீழ் நடுத்தரக் குடும்பம். தேயிலைக் கம்பெனி விற்பனையாளரான அப்பாவின் ஓய்வுப் பணத்தைப் போட்டுச் சித்தப்பா தொடங்கிய சோனா மசாலா என்ற மசாலா வியாபாரம் செழிக்க, குடும்பம் புது வீட்டுக்கு மாறுகிறது. பழைய வீட்டில் எதை வாங்குவதென்றாலும் எல்லோரும் கூடிப் பேச வேண்டும். கேஸ் அடுப்பு வந்ததே ஒரு விசேஷம். புது வீட்டில் யார் எதை வாங்கினார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது. வாங்கும் சக்தி ஏற ஏற, ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லும் பழக்கம் அற்றுப்போகிறது. சம்பாதிக்கும் சித்தப்பாவிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. அவரைத் தேடிக் குழம்போடு வாசலில் வந்து நிற்கும் பெண்ணை, யாரென்றுகூட விசாரிக்காமல் வீட்டுப் பெண்கள் ஏசி விரட்டுகிறார்கள். நாவலின் உச்சம் இந்தக் காட்சிதான்.

இது ஏழ்மையைப் போற்றும் கதை என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய வீட்டில் எறும்புகளோடு நடக்கும் போரைப் பாருங்கள்: நசுக்குவதில் அவர்களுக்கு ஒரு ருசியே வந்துவிடுகிறது. கொடூரம் அங்கேயே முளைத்துவிட்டது. பிற்பாடு இந்த வீட்டு மகள் மாலதி தன் நகைகளை மீட்க ஆட்களோடு புகுந்த வீட்டுக்குப் போகும்போது, பணம் அதற்குக் கைகால் தந்திருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மொத்தமாக வாங்கிய மசாலாவைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து மளிகைக் கடைகளுக்குத் தருவதே தொழில். அடைக்கும் கைகள் யாருடையவை? என்ன கூலி? கதைசொல்லி வேலை செய்யாமல் சம்பளம் வாங்குபவன், அவன் கண்ணில் படாதது கதையில் எப்படி வரும் என்று வாதிடலாம். ஆனால் அவன் மறைக்க நினைக்கும் வீட்டுக் கொடுமையெல்லாம் அவன் பேச்சிலேயே கசிகிறதே! மசாலா அடைக்கும் கிடங்கைப் பற்றி மட்டும் அப்படி ஒரு கசிவுக்கு ஷான்பாக் இடம் வைக்கவில்லை. எதிர்க்கேள்வி கேட்கும் கதைசொல்லியின் மனைவி அனிதாவும் தன் நேர்மையைப் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்தவள் போலவே வருகிறாள். அது உருவான விதம் நமக்குத் தெரிவதில்லை.

குடும்பத்துக்குள் பணம் செய்யும் வேலையைக் காட்டுவதில் இதற்கு இணையாக நான் வைக்கும் சமகால இந்திய நாவல்கள் மிகச் சில. சந்தையைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டால், இது கிடங்கின் வாசலோடு நின்றுவிடுகிறது.