தழும்பு கூறும் சான்று

புண் ஆறிவிடுகிறது, தழும்பு நின்றுவிடுகிறது. அது ஒருவர் மேனியில் எழுதப்பட்ட வரலாறு எனினும், தானே வாய் திறந்து பேசுவதில்லை. உடையவர் அதனைக் காட்ட வேண்டும். அன்றேல் பிறர் அதனைக் கண்டுகொள்ள வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது. இலக்கியம் அதனை எங்ஙனம் உணர்ந்துள்ளது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் 'ஒடிசி' காப்பியத்தில், 20 ஆண்டுகளுக்குப் பின் நாடு திரும்பும் ஒடிசியஸ், இரவலன் கோலத்தில் தன் இல்லத்தினுள் நுழைகிறான். அவன் கால்களைக் கழுவும் முதிய செவிலி யூரிக்ளியா, இளமையில் காட்டுப்பன்றி கிழித்த தழும்பைத் தடவியறிந்து அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். கவிஞர் கதையை நிறுத்தி அவ்வேட்டையின் வரலாற்றை விரித்துரைக்கிறார். அது முடிந்ததும் நாம் காண்பது யாது? தன்னை வளர்த்தவளின் கழுத்தைப் பற்றி, வாய் திறந்தால் கொல்வேன் என அச்சுறுத்தும் ஒடிசியசை! அதே தழும்பை 21ஆம் காண்டத்தில் தன் பணியாளர் இருவருக்கும், 24ஆம் காண்டத்தில் தன் தந்தைக்கும் அவனே காட்டுகிறான். அங்கே தழுவலும் கண்ணீரும் உண்டு. பிறர் கண்டுகொண்ட தழும்பு அச்சத்தை விளைவித்தது. உடையவன் காட்டிய தழும்பு உறவை மீட்டது.

நம் புறநானூறோ தழும்பை மானத்தின் அளவுகோலாக்கியது. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது பழி. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் பட்டமைக்கு நாணி வடக்கிருந்தான். வென்றவனினும் அவனே நல்லன் எனப் பாடினார் வெண்ணிக்குயத்தியார் (புறம் 66). உயர்ந்த பண்பாடுதான். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. போர்க்களமே காணாது முதுகில் அடிபட்டோர்க்கு இவ்வளவுகோல் என்ன இடம் தருகிறது? சாட்டையடி பட்ட அடிமைக்கும், கணவன் கையால் சூடுபட்ட மனைவிக்கும் விழுப்புண் என்னும் பெயர் கிட்டுவதில்லை.

திருத்தூதர் பவுல் இவ்வளவுகோலைப் புரட்டிப்போடுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் அவர் அடுக்குவன எல்லாம் புறப்புண்களே: ஐந்து முறை கசையடி, மூன்று முறை தடியடி. இறுதியில், தமஸ்கு நகர மதில்வழியே கூடையில் இறக்கப்பட்டுத் தப்பியதையும் மறைக்காது சொல்கிறார். புறமுதுகிட்டதையும் பெருமையாகச் சொல்லத் துணிந்த எழுத்து அது. கசையடி பட்ட ஆண்டவரைப் பின்பற்றுவோருக்கு முதுகின் தழும்பு இழுக்கன்று என்பதே அதன் உட்பொருள்.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் இவற்றினும் ஆழமானது. உயிர்த்த மேனியிலும் திருக்காயங்களின் தடங்கள் அகற்றப்படவில்லை. தொட்டாலன்றி நம்பேன் என்கிறார் தோமா. ஆண்டவர் கைகளையும் விலாவையும் தாமே முன்வந்து காட்டுகிறார். ஆனால் தோமா தொட்டதாக நற்செய்தியாளர் எழுதவில்லை! உடனே அறிக்கையிட்டார் என்றே எழுதுகிறார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, விலாவினுள் விரல் நுழைவதாகவே தீட்டிவிட்டார். அங்கும் தோமாவின் கையைப் பற்றி வழிநடத்துவது ஆண்டவரின் கையே என்பது கருதத்தக்கது.

இவ்வொளியில் நாம் மீண்டும் வாசிக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு. துறவற சபையில் சேர்ந்து, பின் அதனின்று வெளியேறிய பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' என்னும் தன்வரலாறே அது. விறகு பொறுக்கச் சென்ற இளமையில் மேனியைக் கீறிய பனங்கருக்கையே அவர் நூலின் பெயராக்கினார். சாதி கீறிய தழும்புகளை, திருச்சபைக்குள்ளே பட்டவற்றையும் சேர்த்து, அவர் தாமே திறந்து காட்டுகிறார். அதன் பேச்சுவழக்கு நடையை எடைபோட்டும், கூற்றுக்குச் சான்று கேட்டும் காலம் கழிப்பது, காட்டப்பட்ட காயத்துள் மேலும் விரலை நுழைப்பதாகும். செவிலியின் கழுத்தைப் பற்றிய கையைப் போல, அந்நூலின் வாயை அடைக்க முயல்வதோ அதனினும் கொடிது.

பாஸ்காத் திரியில் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, ஆண்டுதோறும் திருக்காயங்களை மாட்சியுற்றவையாகப் போற்றுகிறோம். அதே ஆலயத்தில் நம்மருகே நிற்போர் தம் தழும்பைக் காட்டும் வேளையில், துருவாது நோக்கவும், நம்பவும், நம் வழிகளைத் திருத்திக்கொள்ளவும் கற்போமாக.