யாருடைய காலை?

ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ நூலை மூன்று முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை எனக்காக. இரண்டாவது முறை அப்பாவைத் திருத்துவதற்காக. மூன்றாவது முறை அந்தப் புத்தகத்தோடு சண்டை போடுவதற்காக. இந்தக் கட்டுரை மூன்றாவது வாசிப்பிலிருந்து எழுதுவது.

2018இல் வெளிவந்த நூல் அது. இன்று அதை வாசிக்காதவர்கள்கூட அதன் மொழியில்தான் பேசுகிறார்கள். ‘டெய்லி ஒரு பெர்சன்ட்’, ‘ரெண்டு நிமிஷம் போதும்’, ‘ஸ்ட்ரீக் உடையக் கூடாது’. ஜிம்மில் சேர்ந்தவர், ஜப்பானிய மொழி கற்பவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என எல்லோர் ஃபோனிலும் கட்டம் போட்ட ஒரு செயலி இருக்கிறது. சுயமுன்னேற்ற நூல் என்றாலே இலக்கிய வாசகர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. எனக்கு அது இல்லை. ஒரு தலைமுறை தன் காலைப்பொழுதை எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லித்தருகிற புத்தகத்தை, ஒரு நாவலை வாசிக்கும் அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பழக்கத்தை மனவுறுதியின் கணக்கில் எழுதாமல் ஏற்பாட்டின் கணக்கில் எழுதுகிறார் கிளியர். செய்ய வேண்டியது கண்ணில் படட்டும், ஈர்க்கட்டும், எளிதாக இருக்கட்டும், செய்த கையோடு ஒரு நிறைவு கிடைக்கட்டும். இந்த நான்குதான் அவருடைய விதிகள். செய்யாமல் விட்டவரைச் சோம்பேறி என்று திட்டாத புத்தகம். அந்தக் கருணைக்காகவே அது எனக்குப் பிடித்திருந்தது. அதை வாசித்த ஆண்டில் ஃபோனைச் சமையலறையில் போட்டுவிட்டு, தலையணை மேல் புத்தகத்தை வைத்துப் பழகினேன். வருடக் கணக்கில் தொடாமல் கிடந்த பெரிய நாவல்களை முடித்தேன். வேலை செய்யாத புத்தகம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் புகழ்பெற்ற கணக்கைப் பாருங்கள். தினம் ஒரு சதவீதம் மேம்பட்டால் ஓராண்டில் ஏறக்குறைய 37 மடங்கு. கணக்கு சரிதான். 1.01ஐ 365 முறை பெருக்கினால் 37.78 வரும். ஆனால் இது வட்டிக் கணக்கு. பணம் குட்டி போடும், முழங்கால் போடாது. இன்று 3 கிலோமீட்டர் நடப்பவர் தினம் ஒரு சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் அடுத்த ஆண்டு இதே நாளில் 113 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். உருவகத்தைப் பிடித்துக்கொண்டு இப்படி விதண்டாவாதம் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். உருவகம் என்பதால்தான் கேட்கிறேன். பழக்கம் என்பது ஒருவர் தன் பெயரில் திறந்த சேமிப்புக் கணக்கு, போட்டவர் எடுப்பார், போடாதவர் இழப்பார் என்ற எண்ணத்தை அது நமக்குள் விதைக்கிறது. என் சண்டை அந்த எண்ணத்தோடுதான்.

*

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங்கில் சைடராக இருந்தார். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். ஒரு வாரம் காலை எட்டு மணிக்குப் போவார், அடுத்த வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு, அதற்கடுத்த வாரம் ராத்திரி பன்னிரண்டுக்கு. நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. மருத்துவர் சீட்டில் 1-0-1 என்று எழுதிக்கொடுத்தார். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. கூடவே தினம் முக்கால் மணி நேர நடை, வேளாவேளைக்குச் சாப்பாடு.

ஐந்து வருடம் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அப்புறம் அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா ஈரோட்டுக்குப் போய் மூன்று மாதம் இருக்க வேண்டி வந்தது. முதல் மாதக் கடைசியில் அப்பாவுக்கு வெறும் வயிற்றில் 240. நான் சென்னையிலிருந்து புத்தகத்தோடு வந்து இறங்கினேன். ஒரு சார்ட் போட்டேன். மாத்திரை, நடை, சர்க்கரை இல்லாத டீ என்று மூன்று வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். நடக்க அலுப்பாக இருந்தால் ரெண்டே நிமிஷம் நடங்கப்பா, அது போதும் என்று கிளியரின் இரண்டு நிமிட விதியையும் விளக்கினேன். ராத்திரி தோறும் ஃபோன். “டிக் போட்டாச்சாப்பா?” “போட்டாச்சு கண்ணு.”

இரண்டு மாதமும் எல்லாக் கட்டத்திலும் டிக். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் 7.2இலிருந்து 9.6க்கு ஏறியிருந்தது. ஊர் திரும்பிய அம்மா, அலமாரி டப்பாவில் முப்பத்தெட்டு மாத்திரை அப்படியே இருக்கிறது என்று ஃபோனில் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எதுக்குப்பா பொய் என்று கத்தினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நைட் ஷிஃப்ட் முடிஞ்சு எட்டரைக்கு வந்து சாப்ட்டுட்டுப் படுக்கறேன். சாயந்தரம் எந்திரிச்சுப் பல்லு வெளக்கறேன். இதுல எதைக் காலைன்னு எடுத்துக்கறது கண்ணு?”

என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை.

அம்மா அந்த ஐந்து வருடம் எப்படிச் சமாளித்தார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். முதல் ஷிஃப்ட் என்றால் மாத்திரை இட்லித் தட்டின் ஓரத்தில் இருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் ஒரு சின்ன டப்பாவில். மூன்றாம் ஷிஃப்டில் பகலில் தூங்குகிறவரை இரண்டு மணிக்கு எழுப்பிச் சோறு போட்டு மறுபடி படுக்க வைப்பார். நடக்கச் சொன்னால் நடக்க மாட்டார் என்பதால், தெருமுனையில் கடை இருக்க, தூரத்து பூத்தில்தான் பால் நல்லா இருக்கு என்று அங்கே அனுப்புவார். கண்ணில் படு, எளிதாக்கு என்ற விதிகளை, அவற்றின் பெயர் தெரியாமலே அம்மா அமல்படுத்திக்கொண்டிருந்தார். அப்பாவின் பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அம்மாவின் கையில் இருந்தது. அவர் ஈரோட்டுக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

*

இந்தக் கேள்வியோடு மூன்றாவது முறை புத்தகத்தைத் திறந்தேன். கிளியர் தரும் சான்றுகளிலேயே இதற்கான விடை இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை என்பதுதான் என் விமர்சனம்.

சூழல் பழக்கத்தை மாற்றும் என்பதற்கு அவர் சொல்லும் ஒரு கதை பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடப்பது. ஆன் தார்ன்டைக் என்ற மருத்துவர் அங்குள்ள உணவகத்தில் பானங்களை இடம் மாற்றி வைக்கிறார், தண்ணீர் பாட்டில்களை எல்லா இடத்திலும் கைக்கெட்டும்படி அடுக்குகிறார். யாருக்கும் ஒரு அறிவுரையும் இல்லாமலே சோடா விற்பனை குறைந்து தண்ணீர் விற்பனை கூடுகிறது. இன்னொரு கதை வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள். நாடு திரும்பியதும் பெரும்பாலோர் அதை விட்டுவிட்டதாக லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். மூன்றாவது கராச்சி. குடிசைப் பகுதிகளில் ஸ்டீஃபன் லூபியின் குழு சோப்பு கொடுத்துக் கை கழுவ வைத்ததில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நல்ல நுரை, நல்ல வாசனை, அதனால் கை கழுவுவது இன்பமாயிற்று என்பது கிளியரின் விளக்கம். ஆனால் அந்த ஆய்வில் சோப்பு இலவசம். களப்பணியாளர்கள் வாராவாரம் வீடு தேடி வந்தார்கள்.

மூன்றிலும் பழக்கம் மாறியவர்கள் வேறு, சூழலை மாற்றியவர்கள் வேறு. ஒன்றில் மருத்துவமனை, ஒன்றில் அரசு, ஒன்றில் ஆய்வுக் குழு. ஆனால் இவற்றிலிருந்து கிளியர் எடுக்கும் பாடம், உன் உலகத்தை நீயே வடிவமைத்துக்கொள் என்பது. சான்று நிறுவனங்களைப் பற்றியது, அறிவுரை தனியாளுக்கு. இந்த இடைவெளியில்தான் அப்பா மாதிரியானவர்கள் விழுகிறார்கள். உணவகத்தில் பாட்டிலை இடம் மாற்றும் அதிகாரம் அங்கே தட்டேந்தி நிற்பவருக்குக் கிடையாது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வியிலும் இதே சிக்கல்தான். 21 நாள் என்று ஒரு கதை உலவுகிறது. 1960இல் வந்த மேக்ஸ்வெல் மால்ட்ஸின் ‘சைக்கோ சைபர்நெடிக்ஸ்’ நூலிலிருந்து கிளம்பியது அது. அவர் பிளாஸ்டிக் சர்ஜன். புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கண்டதை நாம் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் அச்சில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேர்மையானது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், நடுமதிப்பு 66 என்றார்கள். எல்லோரும் அந்த 66ஐ எடுத்துக்கொண்டார்கள். ஆய்வின் நிபந்தனையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பங்கேற்றவர்கள் தங்கள் செயலைத் தினமும் ஒரே சூழலில், உதாரணமாகக் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, செய்ய வேண்டும் என்பது அந்த நிபந்தனை. வாராவாரம் காலை இடம் மாறுகிற ஒருவருக்கு முதல் நாளே மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கும்.

*

இந்த வகை எழுத்தின் தாத்தா பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவருடைய சுயசரிதையில் 13 நற்பண்புகளுக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு வரும். இன்றைய செயலிகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் செய்ததற்கு டிக் போடுகிறோம். அவர் தவறியதற்குக் கரும்புள்ளி வைத்தார். தன்னிடம் இத்தனை குறையா என்று ஆச்சரியப்பட்டார். புள்ளிகளை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்ததால், துடைத்து எழுதக்கூடிய தந்தப் பலகைக்கு மாறினார். ஒழுங்கு என்ற பண்பு கடைசி வரை அவருக்குக் கைகூடவில்லை. நேரம் தன் கையில் இருப்பவருக்கு வேண்டுமானால் இது முடியும், நாலு பேர் தங்களுக்குத் தோதான நேரத்தில் வந்து நிற்கிற தொழில்காரருக்கு முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்பாவுக்காக எழுதியதுபோல இருந்தது. அப்பாவின் சார்ட்டில் ஒரு ஓட்டையும் இல்லை. தோல்வியைக் குறிக்க நான் அதில் இடமே விட்டிருக்கவில்லை. அந்தப் பொய்யில் பாதி என்னுடையது.

ஃபிராங்க்ளினின் கால அட்டவணையும் பிரசித்தம். ஐந்து மணிக்கு எழுவது, திட்டமிடுவது, படிப்பது, வேலை, சாப்பாடு, மீண்டும் வேலை, இரவில் இசை, அரட்டை, அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு எல்லாம் அதில் உண்டு. சமையல் கிடையாது. அதே சுயசரிதையில் வேறோர் இடத்தில் மனைவி டெபோரா துண்டுப் பிரசுரங்களை மடித்துத் தைத்ததையும், கடையைப் பார்த்துக்கொண்டதையும், காகித ஆலைகளுக்காகப் பழந்துணி வாங்கியதையும் நன்றியோடு சொல்கிறார். அட்டவணைப் பக்கத்தில் மட்டும் அவரைக் காணோம்.

இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ். 1890இல் வந்த அவருடைய உளவியல் நூலில் பழக்கம் பற்றிய அத்தியாயத்தைப் பழக்க குருக்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். புதுப் பழக்கத்தை உறுதியாகத் தொடங்கு, வேரூன்றும்வரை விதிவிலக்குக்கு இடம் கொடுக்காதே என்ற பகுதியை மட்டும். சில பக்கங்கள் முன்னால், சமூகம் என்ற இயந்திரத்தைச் சீராகச் சுழல வைக்கும் பெரிய சக்கரம் பழக்கம்தான் என்கிறார் ஜேம்ஸ். கடினமான வேலைகளில் பிறந்து வளர்ந்தவர்கள் அவற்றை விட்டு ஓடாமல் இருப்பதும், வசதியானவர்கள் ஏழைகளின் கிளர்ச்சியிலிருந்து தப்பிப்பதும் பழக்கத்தால்தான் என்று சொல்லி, அது நல்லதுதான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் பழக்கத்தில் வர்க்கம் இருக்கிறது என்பதை அவர் பார்த்துவிட்டார். மூன்று ஷிஃப்டுக்கு ஒரு உடம்பைப் பழக்குவதும் பழக்கம்தானே? அதைச் செய்தது அப்பா இல்லை, ஆலை. அந்தப் பழக்கத்துக்கு எந்தச் செயலியிலும் கட்டம் கிடையாது.

*

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தார். சூப்பர்வைசரிடம் நாலைந்து தடவை அலைந்த பிறகு அப்பாவுக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தது. ஆறு மாதத்தில் 7.5க்கு இறங்கியது. இப்போது காலையில் அவரே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். நடக்கப் போகிறார். கிளியரின் விதிகள் இப்போது அவருக்கும் பொருந்துகின்றன, ஏனென்றால் அவருக்கு ஒரு காலை கிடைத்திருக்கிறது.

ஆகவே அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தங்கள் காலை தங்கள் கையில் இருப்பவர்களுக்கு அது நல்ல நூல். யாராவது பழக்கத்தை விட்டுவிட்டார் என்று தெரிந்தால், அவரிடம் சார்ட்டை நீட்டுவதற்கு முன்னால், அந்தப் பழக்கத்தை இதுவரை யார் தாங்கிக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். அவருடைய நாளை யார் வகுக்கிறார் என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகும் சார்ட் தேவைப்பட்டால் கொடுங்கள், புள்ளி வைக்கவும் இடம் விட்டு.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. பிசியோதெரபிஸ்ட் பத்துப் பயிற்சிகள் வரைந்து கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கண்ணில் படுகிறது, எளிதாகவும் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, செய்யறீங்களாம்மா என்று கேட்டேன். “எங்க கண்ணு நேரம்?” என்றார். அப்பா அப்போது வாக்கிங் முடித்து வந்து, டீ எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று நான் டீ போட்டேன். மறுநாள் சென்னைக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.