தீயோன் கதையும் சொல்வோன் நம்பகமும்: கழக்கூட்டத்துப் பிள்ளை கதைமரபை முன்வைத்து

1. முன்னுரை

கதைமாந்தருள் ஒருவன் பொய் கூறுவது வேறு. கதையைக் கூறுபவனே பொய் கூறுவது வேறு. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் முதல் வகையைச் சார்ந்தவன். அவன் அரசனிடம் உரைப்பது பொய் என்பதைக் காப்பியமே கேட்போர்க்கு உணர்த்திவிடுகிறது. அவன் சொல்லை அளக்கும் கோல் புலவர் கையில் உள்ளது. இரண்டாம் வகையில் அக்கோல் இல்லை. சொல்பவனுக்கு மேல் வேறொரு குரல் இல்லாமையால், அவன் கூற்றிலுள்ள முரண்களைக் கொண்டே அவனை அளந்தறிய வேண்டியுள்ளது. அமெரிக்கத் திறனாய்வாளர் வெயின் பூத் 1961இல் வெளியிட்ட புனைகதை பற்றிய நூலில் இத்தகையோனை நம்பகமற்ற கதைசொல்லி எனக் குறித்தார். அதன்பின் இக்கருத்து புனைகதை ஆய்விலிருந்து திரைப்பட ஆய்விற்கும் பரவியது.

தீயோன் ஒருவன் எவ்வாறு தீயோன் ஆனான் என்று கூறும் கதைகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. கதையை நம்பினால் அவன்மீது இரக்கம் பிறக்கும். ஐயுற்றால் அவ்விரக்கமே ஏமாற்றமாகும். இச்சிக்கல் மொழியின் இலக்கணத்தோடும் மொழிபெயர்ப்போடும் கொண்டுள்ள உறவை, கழக்கூட்டத்துப் பிள்ளை பற்றிய கதைமரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காட்சிக்குச் சான்றுக்குறி இல்லை

டாட் பிலிப்ஸ் இயக்கிய ‘ஜோக்கர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் 2019இல் வெளிவந்து வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. ஆர்தர் பிளெக் என்னும் நலிந்த மனிதன் கொலையாளியாக மாறுவதே கதை. அண்டை வீட்டுப் பெண் சோபியுடன் அவன் பழகும் காட்சிகள் பல வருகின்றன. பின்னர் அவன் அவள் இல்லத்தினுள் நுழையும்போது, அவனை அவள் சரிவர அறியாதவள் என்பது தெரியவருகிறது. முன்பு கண்ட காட்சிகள் அவள் இன்றி மீண்டும் காட்டப்படுகின்றன. இறுதிக் காட்சி மனநோய் மருத்துவமனையில் நிகழ்கிறது.

இவற்றைக் கண்டோர் இரு அணியாயினர். ஒரு பகுதி கற்பனை என நிறுவப்பட்டமையால், முழுக்கதையும் மருத்துவமனையிலிருப்பவன் புனைந்ததே என்பது ஓர் அணியின் கூற்று. படம் தானே மறுத்துக் காட்டிய பகுதி மட்டுமே கற்பனை. ஏனையவை நிகழ்ந்தவை என்பது மற்றதன் கூற்று. 2024இல் வெளிவந்த தொடர்ச்சிப் படம் ஆர்தரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. சோபியையும் சாட்சியாக அழைத்தது. கொலைகள் நிகழ்ந்தவை என்றே அப்படம் கொண்டது. எனினும் பின்வந்த படம் முன்வந்த படத்தின் பொருளை வரையறுக்க முடியுமா என்ற வினா எஞ்சியே நின்றது.

இவ்விவாதம் எழுவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. கண்டது, கேட்டது, ஊகித்தது என்னும் வேறுபாட்டைக் காட்டத் திரைக்காட்சிக்கு உருபு இல்லை. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒற்றைக் காட்சி தன்னளவில் காட்ட இயலாது. அதனால் திரைப்படம் வேறு வழிகளை நாடுகிறது. கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) சிறையிலுள்ள இருவர் வாக்குமூலங்களைத் தனித்தனியே காட்டுகிறது. ஒரே நிகழ்ச்சி இருமுறை வரும்போது முதற்கூற்றின் திரிபு வெளிப்படுகிறது. அங்கு ‘ஆம்’ என்னும் ஈற்றின் பணியை இரண்டாம் கூற்றே செய்கிறது. ஒரே கூற்றை மட்டும் தரும் ‘ஜோக்கர்’ படத்தில் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, கண்டோர் தாமே ‘ஆம்’ சேர்த்தும் நீக்கியும் பார்க்கின்றனர்.

3. கழக்கூட்டத்துப் பிள்ளை

திருவனந்தபுரத்தின் வடபகுதியிலுள்ள கழக்கூட்டம் இன்று 1990இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கினால் அறியப்படுகிறது. வ. அய். சுப்பிரமணியம் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. ஆயினும் திருவிதாங்கூர்க் கதைமரபில் இவ்வூர்ப் பெயர் ஒரு தீயோன் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்தது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட குடித்தலைவர்களுள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. இராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், வெங்ஙானூர், செம்பழந்தி, குடமண், பள்ளிச்சல் என்பன ஏனைய எழுவர்க்குரிய பெயர்கள்.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மன் இவர்களை ஒடுக்கி நாட்டை ஒருமுகப்படுத்தினான் என்பது பொதுவான வரலாறு. ஆடவர் கொல்லப்பட்டனர், இல்லங்கள் இடிக்கப்பட்டன, பெண்டிரும் குழந்தைகளும் கடற்றுறையோரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என மரபு கூறுகிறது. இடித்த இல்லம் இருந்த இடத்தில் குளம் தோண்டப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. அழித்தொழித்தலைக் குறிக்கும் ‘குளம் தோண்டுக’ என்னும் மலையாள வழக்கை இந்நிகழ்ச்சியோடு இணைத்துக் கூறுவோரும் உளர்.

‘எனப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்னும் வாய்பாடுகள் இன்றி இக்கதையைக் கூறுதல் அரிது. பிள்ளைமார் கூற்று எனத்தக்க பனுவல் எதுவும் இக்கதைமரபில் பரவலாக வழங்கவில்லை. வென்றோர் கூற்றிலும் பிறர் கூற்றிலும் மட்டுமே அவர்கள் வாழ்கின்றனர்.

4. மூன்று கூற்றுகள்

முதற்கூற்று வரலாற்று நூல்களுடையது. பா. சங்குண்ணி மேனன் 1878இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. அரசனுக்கு எதிரான செயல் யாவும் இதில் வஞ்சனையாகும். மருமக்கள்வழி வழக்கில் அரசனின் மக்களுக்கு ஆட்சியுரிமை இல்லை. எனவே முன்னிருந்த அரசன் இராமவர்மனின் மக்களான தம்பிமார் கோரிக்கையும், அவர்களுக்குப் பிள்ளைமார் அளித்த துணையும் குற்றங்களாகின்றன.

இரண்டாம் கூற்று சி. வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) என்னும் நாவலுடையது. இதில் பிள்ளைமார் சதியாளர்களே. எனினும் நாவல் தன் முடிவினைத் தானே சிறிது தளர்த்துகிறது. தலைவி பாறுக்குட்டி, மறைந்த உக்கிரன் கழக்கூட்டத்துப் பிள்ளையின் மகள். அரசனைக் காக்கும் சுபத்திரையோ குடமண் பிள்ளையின் மருமகள். அவர் கையாலேயே அவள் மாய்கிறாள். பகைவர் குடும்பத்தின் உள்ளிருந்தே கதையின் நன்மை பிறக்கிறது. பி. வி. ராவ் இயக்கி 1933இல் வெளிவந்த மௌனப்படம் இந்நாவலைத் தழுவியது. பதிப்புரிமை வழக்கினால் அது திரையிலிருந்து மறைந்தது. பின்னர்ப் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தது. லெனின் இராசேந்திரனின் ‘குலம்’ (1997) என்னும் படமும் இந்நாவலிலிருந்தே பிறந்தது.

மூன்றாம் கூற்று தமிழுடையது. தென் திருவிதாங்கூரில் வழங்கும் ‘தம்பிமார் கதை’ என்னும் கதைப்பாடல், அரசனின் அரசியலறத்தைப் பாடாமல் தம்பிமாரின் அவலத்தைப் பாடுகிறது. அவர்தம் உடன்பிறந்தாளை அரசன் மணக்க விழைந்தமையே பகையின் வித்து என்று அது கூறும். இங்கு வஞ்சனை இடம் மாறுகிறது. வரலாற்று நூலின் காவலன் கதைப்பாடலில் தீயோன் ஆகிறான்.

இம்மூன்றனுள் ஒன்றை மெய்யெனக் கொண்டு பிறவற்றைப் பொய்யெனத் தள்ளுதல் எளிது, ஆனால் பொருந்தாது. கதைப்பாடலும் சார்பற்றதன்று. கொலையுண்டோரைத் தெய்வமாக்கிப் போற்றும் மரபு நிலவும் நிலத்தில் அது பாடப்படுகிறது. அவ்வவையோர் முன் மாண்டோரைக் குற்றவாளிகளாகப் பாட இயலாது. வரலாற்றாசிரியர் அரசவைக்குக் கடமைப்பட்டவர் எனின், பாடகர் மாண்டோர்க்குக் கடமைப்பட்டவர். கூற்றின் நம்பகம் என்பது கூறுபவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பதைப் பொறுத்தது. அவன் நல்லவனா என்பதை மட்டும் பொறுத்ததன்று.

5. இலக்கணம் தரும் சான்று

திரைக்காட்சிக்கு இல்லாத சான்றுக்குறி திராவிட மொழிகளுக்கு உண்டு. தொல்காப்பியர் ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோர் கூற்றைத் தம் கூற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். இன்றைய தமிழில் ‘கொன்றானாம்’ என்புழி ஈற்று ‘ஆம்’ கேள்வியறிவைக் குறித்து, சொல்வோன் அதற்குப் பொறுப்பேலாமையையும் உணர்த்துகிறது. மலையாளத்தில் ‘கொந்நத்ரே’ என்பதன் ‘அத்ரே’ இப்பணியைச் செய்கிறது.

‘போலும்’ என்பதன் நிலை கருதத்தக்கது. தமிழில் அது ஊகப்பொருளது: ‘கொன்றான் போலும்’ எனின், பேசுவோன் தானே ஊகிக்கிறான். மலையாளத்தில் ‘கொந்நு போலும்’ எனின், பிறர் சொல்லக் கேட்டது என்பதும், பலவிடத்து அதனை நம்பாமை என்பதும் பொருளாகும். உருவம் ஒன்றாயினும் சான்று வேறு. மலையாளப் போலும் தமிழிலும் போலும் என்றே பெயர்க்கப்படின், ஊர்வதந்தி ஒன்று கதைசொல்லியின் சொந்த ஊகமாக மாறிவிடும். அவன் நம்பகமும் அதனுடன் மாறும்.

வினைமுற்று இதனினும் நுட்பமான இடர் தருகிறது. மலையாள வினை திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டது. ‘பறஞ்ஞு’ என்பது தமிழில் சொன்னேன், சொன்னாய், சொன்னான், சொன்னார் என்பனவற்றுள் எதுவும் ஆகலாம். எழுவாய் தொக்க தொடரில் யார் சொன்னது என்பதை மலையாளம் தெளியாது விடலாம். தமிழ் அவ்வாறு விட இடந்தராது.

6. மொழிபெயர்ப்பாளர் தேர்வு

‘கழக்கூட்டத்துப் பிள்ள வந்நு’ என்னும் எளிய தொடரை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? மலையாள வினை இவ்விடத்து மதிப்பும் தரவில்லை, இழிவும் செய்யவில்லை. தமிழாக்கத்தில் அரசனுக்கு ‘ஆர்’ விகுதியும் பிள்ளைக்கு ‘ஆன்’ விகுதியும் வருமாயின், மூலத்தின் வினை வழங்காத தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு தொடரிலும் வழங்குகிறார். சில பக்கங்களுக்குள் படிப்போர் மனத்தில் தீயோன் யார் என்பது உறுதிப்பட்டுவிடும். காப்பிய மரபைப் பின்பற்றி இருவர்க்கும் ‘ஆன்’ வழங்கலாம். தற்கால மரபில் இருவர்க்கும் ‘ஆர்’ வழங்கலாம். ஒருமைப்பாடே இன்றியமையாதது.

இதனால் மலையாளக் கதைசொல்லி சார்பற்றவன் ஆகிவிடான். அவன் சார்பு வினை விகுதியில் தோன்றாமல் சொல்லில் தோன்றுகிறது. அரசன் இறப்பு ‘நாடுநீங்ஙி’ அல்லது ‘தீப்பெட்டு’ எனவும், வருகை ‘எழுந்நள்ளி’ எனவும் வழங்கும். நாடுநீங்குதலை ‘இறந்தார்’ எனப் பெயர்த்தால் பொருள் சரியாக வரும். அரசன்பால் கதைசொல்லி பூண்ட பணிவு மறையும். அப்பணிவே அவன் கூற்றை ஐயுறுவதற்குரிய முதற்சான்று. அதை நீக்கிவிட்ட மொழிபெயர்ப்பு, சார்புடைய கதைசொல்லியை நடுநிலையாளனாக்கி விடுகிறது.

‘ஜோக்கர்’ படத்தைத் தமிழாக்குவோர்க்கும் இதுவே இடர். ஆங்கிலத்தில் முன்னிலை ஒன்றே. ஆர்தரும் சோபியும் பேசும் காட்சிகளில் ‘நீ’ வருமா, ‘நீங்கள்’ வருமா? பழகியோர்க்குரிய ‘நீ’ அக்காட்சிகளுக்கு இயல்பு. அவள் அவனை அறியாதவள் எனத் தெளியுமிடத்தில் ‘நீங்கள்’ இயல்பு. இம்மாற்றம் ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு சான்றைத் தமிழில் தருகிறது. எனினும் உண்மை வெளிப்பட்ட பின்னரே தருவதால் கதைக்கு ஊறில்லை. மாறாக, முதற்காட்சிகளிலேயே இருவரையும் ‘நீங்கள்’ எனப் பேசவைத்தால், அவர்கள் நெருக்கத்தில் ஐயம் முன்னதாகவே நுழைந்துவிடும். கண்டோர் இரு அணியாகப் பிரியும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமல் ஓர் அணியில் சேர்ந்துவிடுகிறார்.

7. முடிவுரை

கதைசொல்லியை ஐயுறுதல் தீயோனை விடுவித்தல் ஆகாது. வரலாற்று நூல் சார்புடையது என்பதனால் கழக்கூட்டத்துப் பிள்ளை குற்றமற்றவர் என நிறுவப்படவில்லை. அவர் குற்றம் ஒருதலைக் கூற்று என்பதே நிறுவப்படுகிறது. அவ்வாறே ஆர்தரின் கூற்றில் ஒரு பகுதி பொய் என்பதனால் ஏனைய பகுதிகளும் பொய்யாகிவிடா. முரண் காட்டப்பட்ட அளவிற்கே ஐயம் செல்லும். முழுமையும் கனவு என்போர், முரண் தந்த சான்றை அது செல்லத்தகும் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்கின்றனர்.

சான்றுக்குறி, மதிப்பு விகுதி, அரசமரபுச் சொல் ஆகிய மூன்றும் நடைக்குரிய அணிகலன்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. கதைசொல்லியை நம்பலாமா என்னும் வினாவிற்குப் பனுவல் அளிக்கும் விடை இவற்றிலேயே தங்கியுள்ளது. ‘அத்ரே’ வருமிடத்து ‘ஆம்’ வரல் வேண்டும். மூலம் தீர்ப்புக் கூறாதவிடத்துத் தமிழும் கூறாதிருத்தல் வேண்டும். மூலத்தின் சார்பு தமிழிலும் சார்பாகவே நிற்றல் வேண்டும். தம் கூற்றைத் தாமே சொல்ல வாய்ப்பின்றி மறைந்த எண்மர்க்கு மொழிபெயர்ப்பு செய்யக்கூடிய நீதி இவ்வளவே. இதனை ஒரு விகுதி தவறினாலும் செய்ய இயலாது.