டிராகனுக்கு நிறம் தீட்டியவர் யார்?

காணாத விலங்குக்குக் கண்டதுபோல் நிறம் சொல்லும் ஆற்றல் மனிதனுக்கு மட்டுமே உண்டு! காக்கை கறுப்பு என்கிறோம். கிளி பச்சை என்கிறோம். கண்ணால் கண்டு சொல்கிறோம். டிராகன் என்று மேலைநாட்டார் அழைக்கும் அந்தச் சிறகு முளைத்த நாகத்தைக் கண்டவர் யார்? ஒருவரும் இலர். எனினும் ஒரு நாட்டார் அதைச் சிவப்பு என்பர். மற்றொரு நாட்டார் மஞ்சள் என்பர். விலங்கிடம் கேட்க வழியில்லை. ஆகவே, அதைப் படைத்தவனிடந்தான் கேட்க வேண்டும்.

வேல்சு நாட்டைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘பிரித்தானியர் வரலாறு’ என்னும் இலத்தீன் நூலில் இரண்டு நாகங்கள் போரிடுகின்றன. ஒன்று சிவப்பு, அது மண்ணின் மைந்தரைக் குறிக்கும். மற்றொன்று வெள்ளை, அது வந்தேறிய சாக்சனியரைக் குறிக்கும். முடிவில் வெல்வது சிவப்பே! கதை சொன்னவர் எந்தப் பக்கம் என்பதை வேறு சொல்லவும் வேண்டுமோ? 1959ஆம் ஆண்டு அந்தச் சிவப்பு நாகம் வேல்சு நாட்டின் முறைப்படியான கொடியில் ஏறிற்று. ஆனால் விவிலியத்தின் திருவெளிப்பாடு நூலில் வரும் சிவப்பு நாகமோ சாத்தானின் உருவம். அதே நாகம், அதே சிவப்பு. இங்கே நாட்டுப்பற்று, அங்கே நரகம்!

சீனத்திலே ஐந்து திசைக்கு ஐந்து நிறம் வகுத்தனர். கிழக்கின் நாகத்துக்கு நீலப் பச்சை, நடுவுக்கு மஞ்சள். நடுவில் அமர்ந்தவன் மன்னன் அல்லவா? ஆகவே மஞ்சள் அவன் உடைமை ஆயிற்று. ஐந்து நகம் கொண்ட நாகமும் அவன் உடைமை ஆயிற்று. 1889 முதல் மஞ்சள் கொடியில் நெளிந்த பேரரசின் நாகம், 1912இல் முடியாட்சி வீழ்ந்ததும் கொடியை விட்டு இறங்கிற்று. நிறத்தைக் கொடுத்தது அரியணை. அரியணை போனதும் நிறத்தின் அதிகாரமும் போயிற்று.

“நமக்கு ஏன் அயலார் நாகத்தின் கதை?” என்று கேட்பவர் உண்டு. நம் கோயில் தூண்களில் யாளி நிற்கிறது. அதற்குச் சிற்பி சிங்கத்தின் உடலைக் கொடுத்தான், யானையின் துதிக்கையைக் கொடுத்தான், நிறத்தைக் கல்லிடமே விட்டுவிட்டான். ஆனால் கண்ணால் காணாத மற்றொருவனுக்கு நாம் நிறம் தீட்டாமல் விடவில்லை. அவன்தான் அசுரன்!

காரியாபட்டியில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை நோக்குங்கள். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். சிவகாசியில் தீப்பெட்டி வளர்ந்தது. அதன் மேல் ஒட்டும் வண்ணச் சீட்டுக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. அது தெய்வப் படங்களாய் நாடெங்கும் பரவியது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) போன்றோரின் கைவண்ணம் ஏழையின் குடிசைக்கும் எட்டியது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. கலையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த தொழிலாளிக்குத் தலைவணங்குகிறோம். நாம் கேட்பது வேறு.

அந்தப் படங்களிலே வீழ்ந்து கிடப்பவன் மட்டும் ஏன் எப்போதும் கறுப்பு?

“அழகுக்காக! வேறுபாடு தெரிவதற்காக!” என்பர். அப்படியாயின் ஒன்று கேட்கிறோம். கிருட்டிணன் என்ற வடசொல்லுக்குப் பொருள் கறுப்பன். தொல்காப்பியம் முல்லைக்கு உரியவனாகச் சொல்லும் மாயோனும் கருநிறத்தவனே. வணங்கப்படும் கறுப்பன் படத்தில் நீலமாகிறான். வதைக்கப்படும் கறுப்பன் கறுப்பாகவே கிடக்கிறான். இஃது அழகின் கணக்கா, அதிகாரத்தின் கணக்கா? சூரபதுமன் கதையை எண்ணுங்கள். எதிர்த்து நிற்கும்வரை அவன் கரிய அரக்கன். பிளவுண்டு மயிலும் சேவலுமாய்ப் பணி செய்யத் தொடங்கியதும் அவனுக்குத்தான் எத்தனை வண்ணம்! ‘வருணம்’ என்ற சொல்லுக்கு நிறம் என்றும் பொருள், பிறப்பால் வகுத்த பிரிவு என்றும் பொருள். ஒரே சொல் இரண்டையும் சுமப்பது தற்செயலா?

அச்சுப் பொறிக்குத் தெரிந்த மை நான்கு: நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு. அந்த நான்கிலே உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. கறுப்பு மை இல்லையேல் தெய்வத்தின் கண்ணுக்குக்கூடக் கருமணி கிடையாது!

அதே சிவகாசியின் பட்டாசு நமக்கு வேறொரு பாடம் சொல்லுகிறது. வானில் பூக்கும் சிவப்பு ஸ்ட்ரான்சியம் தந்தது. மஞ்சள் சோடியம் தந்தது. நீலம் செம்பு தந்தது. பச்சை பேரியம் தந்தது. எரிபவன் யார், ஏற்றுபவன் எக்குலம் என்று தீ கேட்பதில்லை. சிறுவர் கொளுத்தும் பாம்பு மாத்திரை கறுப்பாய் நெளிந்து எழுகிறது. அது எரிந்து எஞ்சிய கரியின் நிறம், பாவத்தின் நிறம் அன்று. பேரியம் தீங்கு என்று வழக்கு வந்தபோது, நஞ்சும் மாசும் ஆராயப்பட்டு, 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் அதன் உப்புகளுக்குத் தடை விதித்தது. பச்சைக்குக்கூட விசாரணை நடந்தது. கறுப்புக்கு எந்த மன்றத்தில் விசாரணை நடந்தது? தீர்ப்பு மட்டும் சுவரில் தொங்குகிறதே!

அந்தத் தீர்ப்பைப் படிப்பவர் யார்? நாட்காட்டியின் கீழே அமர்ந்து பாடம் எழுதும் கரிய நிறச் சிறுமி. வீழ்ந்து கிடப்பவன் நிறம் தன் நிறம் என்று அவள் காண்கிறாள். வளர்ந்தபின் மணப்பேச்சில் நிறம் குறைவு என்ற சொல் வருகிறது; வெளுப்புப் பசை விளம்பரம் வருகிறது. முதல் பாடம் எங்கே நடந்தது என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் இந்த மண்ணின் மக்கள் எப்போதும் இப்படி எண்ணியவர் அல்லர். கரிசல் உழுத கை தன் காவலனுக்குக் கருப்பசாமி என்றே பெயரிட்டது. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். தமக்குக் காவலனைக் கற்பித்த உழவர் அவனுக்குத் தம் மேனி நிறத்தையும் நிலத்தின் நிறத்தையும் கொடுத்தனர் என்பது மெய். வெள்ளைப் பருத்தியைப் பெற்றெடுப்பது அந்தக் கறுப்பு மண்தான்!

டிராகனின் நிறத்தை டிராகன் முடிவு செய்யவில்லை. தூரிகை பிடித்தவன் முடிவு செய்தான். இன்று தூரிகை பலர் கையில் இருக்கிறது. பாடநூலுக்குப் படம் வரைவோரே, நாட்காட்டி அச்சிடுவோரே, திரையில் அரக்கனை உருவாக்குவோரே! கொடியவனை வரையுங்கள், அவன் கொடுமையை அவன் செயலில் காட்டுங்கள். கறுப்பைத் தீமைக்குக் குத்தகைக்கு விடாதீர்கள்!