நாற்பது சதவீதம்

திருக்கோவிலூர்ப் பேருந்தில் நான் அதிகம் கேட்ட கலை விமர்சனம் 'எதிர்நீச்சல்' பற்றியதுதான். 2022இல் சன் டிவியில் தொடங்கிய, திருச்செல்வம் இயக்கிய தொடர். படித்த பெண்களை மருமகள்களாக்கி அடுப்படியில் பூட்டிவைக்கும் ஆதி குணசேகரனைப் பெண்கள் வாயார வைதார்கள். அவருடைய 'இந்தாம்மா ஏய்' அதட்டலைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து இறந்தபின், "அவரு இல்லாம சீரியலே சப்புனு போச்சு" என்றார்கள்.

நடிப்பு அப்படி. ஆனால் அந்தக் குரலுக்கு வலுவைத் தருவது சொத்து. அதில் நாற்பது சதவீதம் அப்பத்தாவுக்கு உரியது என்றானதும், அந்தக் கிழவியைச் சுற்றியே கதை நகர்கிறது. தொடரின் அசலான இடம் இதுதான். பேருந்தில் அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்தது. முனைவர் பட்டம் வாங்கிய நான், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் அதட்டவில்லை. "ஒரு கையெழுத்துதான பாப்பா" என்று அண்ணன் அன்பாகத்தான் கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள். திரும்பும்போது ஹோட்டலில் சாப்பாடு வாங்கித் தந்தார்கள்.

அதிகாரம் என்றால் கத்தும் என்று நம்பவைப்பதே இத்தொடரின் குறை. கத்துகிறவரைப் பார்த்துச் சிரித்துவிடலாம். கெஞ்சுகிறவரை என்ன செய்வது?

வகுப்பில் இத்தொடரைப் பேசும்போது அப்பத்தாவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறேன். பலருக்குத் தெரிவதில்லை.