எது நல்ல லினக்ஸ் என்பது தப்பான கேள்வி

போன மாசம் ஊருக்குப் போனபோது எல்லாருமா அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரம். ஆற்றில் குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்த நேரத்தில் சித்தி மகள் கேட்டாள்.

"அண்ணே, வீட்டு கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் அப்டேட் நின்னு போச்சாம். கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க. இவரு லினக்ஸ் போடலாங்கிறாரு. எதுண்ணே நல்லது?"

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சிப் கேட்கும். அவள் வீட்டுப் பழைய மெஷினில் அது கிடையாது. ஆக, கேள்வி நியாயமானதுதான். இதற்கு இணையத்தில் "டாப் 10 லினக்ஸ்" பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. என் குறை அந்தப் பட்டியல்கள் மேல்தான். மெனு விண்டோஸ் மாதிரி இருக்கிறதா, ஐகான் அழகா, இன்ஸ்டால் ஆக எத்தனை நிமிஷம் என்று முதல் நாளை மட்டும் அளக்கிறார்கள். புதியவர் தடுமாறுவது முதல் நாளில் இல்லை, முந்நூறாவது நாளில்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒரு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பிடித்தது, ஆறு மாசத்துக்கு ஒரு புது வெளியீடு வருவது. ஒரு அப்கிரேடுக்குப் பிறகு தமிழ் விசைப்பலகை வேலை செய்யவில்லை. நான் வேறு ஊரில் இருந்தேன். போனில் டெர்மினல் கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். இரண்டு நாள் முயன்றார். அப்புறம் தான் எழுதிவந்த ஊர்க் குறிப்புகளை நோட்டுக்கே கொண்டுபோய்விட்டார். திரும்ப அந்த மெஷினைத் தொடவில்லை. தப்பு லினக்ஸ் மேல் இல்லை. என் ருசிக்குத் தேர்ந்தெடுத்தேன், அதுதான் தப்பு.

"உனக்கு பிளஸ் டூவில் கவர்மெண்ட் லேப்டாப் கொடுத்தாங்களே, அதுல பாஸ் லினக்ஸ் இருந்திருக்குமே?" என்றேன்.

"இருந்துச்சுண்ணே. கடையில அழிச்சுக் கொடுத்துட்டாங்க."

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ், சென்னை சிடாக் உருவாக்கியது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. தமிழ் இடைமுகமும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் நிலையானது, எளியது. ஆனால் லேப்டாப் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் போனது. வணிகவியல் படித்த பிள்ளைக்கு அந்த லினக்ஸைத் திறந்து காட்ட ஒரு பாடவேளை உண்டா?

அய்யனார் கோவில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. முதலில் டெபியன், பிறகு உபுண்டு அடிப்படையில் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ். பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது கைட் நிறுவனம் அதைத் தொடர்கிறது. இரண்டு பக்கமும் மென்பொருள் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். அங்கே கேட்க ஆள் இருந்தது; இங்கே டிஸ்க்கில் இடம் மட்டும் இருந்தது.

அதனால் என் அளவுகோல் இரண்டே. ஒன்று, எத்தனை வருஷம் தொந்தரவு பண்ணாமல் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும்? உபுண்டுவின் நீண்டகால வெளியீட்டுக்கு 5 வருஷம். அதன் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை. டெபியனுக்கும் நீண்டகால ஆதரவு சேர்த்து 5 வருஷம். இரண்டு, சிக்கல் வந்தால் பக்கத்தில் யாரைக் கேட்பது? அந்த ஆள் எதைப் பயன்படுத்துகிறாரோ, அதுதான் உங்களுக்கு "எளிய" லினக்ஸ்.

தங்கச்சி டியூஷன் எடுக்கிறாள். கேள்வித்தாள் தமிழில் அடிக்கணும், பிரிண்ட் எடுக்கணும். ஊருக்குத் திரும்பியதும் மின்ட்டை பென்டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். பிரிண்டர் வந்தது. தமிழ்99 வந்தது. பழைய கேள்வித்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்ததால் அந்த ஃபாண்ட் கோப்பையும் சேர்த்தோம். இல்லையென்றால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்திருக்கும். ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால் செய்தோம்.

நான் வீட்டில் ஓட்டுவது மின்ட் இல்லை. ஆனாலும் இப்போது என் பழைய லேப்டாப் ஒன்றிலும் அதையே போட்டு வைத்திருக்கிறேன். அவள் போன் பண்ணினால், அவள் பார்க்கிற அதே திரையை நானும் பார்த்துக்கொண்டு பதில் சொல்லணும் இல்லையா? அப்பாவுக்கு நான் செய்யாமல் விட்டது அதுதான்.