பத்து காப்பி

பௌர்ணமிக்கு முந்தின நாள் திருவண்ணாமலையில் நின்று நிதானமாக ஒரு காரியமும் பண்ண முடியாது. ஊரே மறுநாள் ராத்திரிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். எனக்கு ஆதார் அட்டையை ஒரு ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றிருந்தான். "பத்து காப்பிண்ணா, நல்ல பேப்பர்ல போடுங்க" என்றான். மெஷின் துப்பிய முதல் தாள் ஃபேன் காற்றில் பறந்து என் காலடியில் வந்து விழுந்தது.

எடுத்துக் கொடுக்கிற சாக்கில் படித்துவிட்டேன். அடுத்தவர் கடுதாசியைப் படிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பயோடேட்டா கடுதாசி இல்லையே... முன்பின் தெரியாதவர்கள் படிக்கத்தானே எழுதுவது?

இந்தப் பக்கத்தில் நாவலை விமர்சித்திருக்கிறேன், சினிமாவைக் கிழித்திருக்கிறேன். இந்த வாரம் பயோடேட்டா. சிரிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக நம் ஊர் பிரிண்டர்களில் அதிகம் ஓடுகிற இலக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு ஒரு விமர்சகர் கிடையாது. நிராகரிப்பவர்கள்தான் உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று சொன்னால்தானே விமர்சனம்? கம்பெனிக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. பிள்ளைகள் அதே தாளை அடுத்த வாசலுக்கு எடுத்துப் போகிறார்கள்.

தம்பியின் படைப்புக்கு வருவோம். ஆரம்பமே 'கேரியர் அப்ஜெக்டிவ்'. 'டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்...' என்று தொடங்கி, என் திறமைகளைப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்... என்று மூன்று வரி. உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா? வரும். நீங்களும் இதையே எழுதியிருப்பீர்கள். நானும்தான். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே லட்சியமா?

அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைக் கருவி வைத்துக் கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமை முதல் தடவை பார்க்க அவர்கள் செலவழித்தது சராசரியாக 7.4 விநாடி. நான் வாட்ச் வைத்துப் பார்த்தேன். தம்பியின் லட்சியத்தைப் படித்து முடிக்கவே பத்து விநாடி ஆகிறது. அவன் பெயரைத் தாண்டி அவனைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது!

அப்புறம் மதிப்பெண்கள். பி.காம்., பரவாயில்லாத மார்க். பிறகு 'ஸ்ட்ரெங்த்': ஹார்டு ஒர்க்கிங், குயிக் லேர்னர். சாட்சி யார்? யாரும் இல்லை. 'ஹாபி': பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் ஆடுவது. அப்பா பெயர், மதம், ஜாதி, கல்யாணம் ஆகவில்லை என்ற தகவல். கம்பெனிக்காரர் பெண் கொடுக்கப் போகிறாரா என்ன? கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. அதுதான் எனக்குக் கொஞ்சம் வலித்தது. அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்தத் தாளில் அந்தப் பையன் இல்லை.

'நான் யார்' என்று கேட்டதற்குப் பேர்போன ஊர் இது. 1902 வாக்கில் ரமணரிடம் வந்து அந்தக் கேள்விகளைக் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் படித்தவர். வருவாய்த் துறையில் உத்தியோகம். அவருக்காவது கையில் வேலை இருந்தது, ஆற அமரக் கேட்டார். இங்கே வேலை கிடைப்பதற்கு முன்னாடியே, அதுவும் ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். பாவம், பிள்ளைகள் காப்பியடிக்காமல் என்ன செய்வார்கள்?

உலகத்தின் முதல் ரெஸ்யூம் லியனார்டோ டாவின்சி எழுதியது என்று ஆங்கிலப் புத்தகங்களில் போடுவார்கள். 1482 வாக்கில் மிலான் நகரத்து ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதம். அந்த ஆள் என்ன பண்ணினார் தெரியுமா? பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று யுத்த சாமர்த்தியங்களாக அடுக்கிவிட்டு, ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசியில் சொன்னார். படிப்பவருக்கு என்ன தேவை என்று தெரிந்த ஆள்.

நம்மாட்கள் இதை அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு வருடம் முன்பே செய்துவிட்டார்கள். மெய்க்கீர்த்தி! ராஜராஜ சோழன் காலத்திலிருந்து கல்வெட்டுகளின் தலையில் வருகிற ராஜாவின் பயோடேட்டா. அதற்கு முன்னால் ஒற்றை வரிதான். முதலாம் பராந்தகன் என்றால் 'மதுரை கொண்ட' என்று ஒரு பட்டம், அவ்வளவே. ராஜராஜன்தான் வரிசையாக எழுத வைத்தான். காந்தளூர்ச் சாலையில் ஆரம்பித்து, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி என்று வென்ற இடங்களின் பட்டியல். வருடம் ஏற ஏறப் புது வெற்றிகள் சேரும். எந்த வெற்றி வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்தே கல்வெட்டின் காலத்தை ஓரளவு சொல்லிவிடுவார்கள். கல்லிலேயே அப்டேட் பண்ணியிருக்கிறான் மனுஷன். நம் பிள்ளைகள் முதல் வருடம் அடித்த பயோடேட்டாவை மூன்றாம் வருடமும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

மெய்க்கீர்த்தியும் டெம்ப்ளேட்தானே, எல்லாக் கோயிலிலும் ஒரே வாசகம்தானே என்று நீங்கள் மடக்கலாம். நியாயம். ஆனால் அதில் பெயரை மூடிவிட்டுப் படித்தாலும் யாருடையது என்று தெரியும். தம்பியின் தாளில் பெயரை மூடிவிட்டால் அது யாருடையது? அவன் வகுப்பில் எல்லோருடையதும்தான். இன்னொன்றும் உண்டு. பிற்காலச் சோழர்கள் சிலருடைய மெய்க்கீர்த்திகளில் ஊர்ப் பெயர்கள் குறைந்து அலங்காரம் கூடியிருக்கும். சொல்ல விஷயம் குறைகிறபோதுதான் 'டைனமிக்', 'ரிசல்ட் ஓரியண்டட்' எல்லாம் வந்து உட்காரும். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

சந்திலிருந்து தலையை நீட்டினால் ராஜகோபுரம் தெரிகிறது. 217 அடி, 11 நிலை. யார் கட்டியது? கிருஷ்ணதேவராயர் என்பார்கள். அவர் ஆரம்பித்தார். முடித்தது தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். இவர்கள் இரண்டு பேரும் வேலைக்கு மனுப்போட்டால் 'கோபுரம் கட்டினேன்' என்று யார் போடுவது? ஒருவர் 'தொடங்கினேன்', மற்றவர் 'முடித்தேன்' என்று போட்டால் இரண்டும் கௌரவம்தான். நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட்டை நாலு பேரும் 'நானே செய்தேன்' என்று எழுதி, ஒரே கம்பெனி வாசலில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். வினைச்சொல்லில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நிற்க. ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நாளைக்குக் கிரிவலம் போவீங்களா தம்பி?"

"எங்கண்ணா... அடி அண்ணாமலை தாண்டி மாமாவோட டீக்கடை. மூணு வருசமா பௌர்ணமின்னா நைட்டு ஃபுல்லா நாந்தான்."

"டீ போடுவீங்களா?"

"டீ மாஸ்டர் வேற இருக்காருண்ணா. பால் சொல்றது, கணக்கு, ஆளுங்களப் பாத்துக்கிறதெல்லாம் நானு. சாதா பௌர்ணமின்னா 60 லிட்டரு. சனி ஞாயிறு வந்திச்சின்னா 100. சித்ரா பௌர்ணமிக்கு 120 கூட ஆவும். ஒரு தடவ செம மழ, 30 லிட்டரு வீணாப் போச்சி. அதுலேருந்து ரெண்டு தவணையா வாங்குறோம். சாயங்காலம் ஒருக்கா, கூட்டத்தப் பாத்துட்டு நைட்டு 12 மணிக்கு ஒருக்கா."

நானும் பி.காம்.தான். தேவையை முன்கூட்டிக் கணிப்பது, கையிருப்பை நிர்வகிப்பது என்றெல்லாம் தடித்தடியாகப் புத்தகம் படித்துவிட்டு, ஒரு லிட்டர் பால்கூடக் கணக்காக வாங்கத் தெரியாமல் வெளியே வந்தவன். இவன் அதை நடுராத்திரியில், 14 கிலோமீட்டர் சுற்றி நடக்கிற ஜனத்துக்கு நடுவே செய்துகொண்டிருக்கிறான். நஷ்டப்பட்டு, காரணம் கண்டுபிடித்து, முறையை மாற்றியிருக்கிறான். இன்டர்வியூவில் 'நீங்கள் செய்த தவறு ஒன்றையும் அதைச் சரிசெய்த விதத்தையும் சொல்லுங்கள்' என்று கேட்பார்களே, அதற்கு இதைவிட நல்ல பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

"இதை ஏன் தம்பி எழுதலை?"

அவன் கடைக்காரரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "டீக்கடையெல்லாம் போட்டா கேவலமா இருக்குண்ணா..."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், நானும் அதையே செய்தவன். அப்பாவுக்கு மளிகைக்கடை. என் பயோடேட்டாவில் 'பிசினஸ்' என்று போட்டிருந்தேன். முதல் வேலைக்குச் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீசுக்குப் போனபோது ஆசிரியர் "என்ன பிசினஸ்?" என்றார். மென்று விழுங்கிச் சொன்னேன். "கடன் நோட்டு யார் எழுதறது?" என்றார். "நான்தான் சார்." "கடன் கேட்டு வர்றவங்க என்னென்ன சொல்வாங்க?" அரைமணி நேரம் பேசினேன். "இதையே எழுதிக் கொண்டு வா" என்றார். என் மார்க் ஷீட்டை அவர் புரட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் உட்கார்ந்து நோண்டிக் கேட்கமாட்டார். அதுதான் பிரச்னை. தாளில் இருந்தால்தான் கேள்வியே வரும். பெரிய கம்பெனிகளில் இப்போது முதல் வாசகர் பல சமயம் ஒரு மென்பொருள். கட்டம் கட்டி, இரண்டு பத்தியாகப் பிரித்து, படத்துக்குள் எழுத்தை வைத்தால் அது தடுமாறும். அலங்காரம் வேண்டாம். ஒரு பக்கம், சாதா எழுத்து, வேலைக்கேற்ற வார்த்தை. மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும், ஹீரோ பெயரில் வேண்டாம். ஆதார் எண், ஜாதி எல்லாம் இதற்குத் தேவையில்லை. இவ்வளவும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் வேலைக்கான பயிற்சிகள் உண்டு.

ஏ.ஐ.யிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் எழுதித் தருகிறதே என்பீர்கள். தருகிறது. இங்கிலீஷ் பிழை போய்விடுகிறது. ஆனால் நீங்கள் சொல்லாத டீக்கடை அதற்கு எப்படித் தெரியும்? தெரியாத இடத்தில் அது பழைய 'சேலஞ்சிங் என்விரான்மென்ட்'டையே கொஞ்சம் சென்ட் போட்டுத் தரும்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. டவுன் பையன் ஒருவன் மாமா கம்பெனியில் ஒரு மாதம் ஏ.சி.யில் உட்கார்ந்துவிட்டு வந்தால் அதற்கு 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர். அவன் அதைத் தடித்த எழுத்தில் போடுவான். இவனுக்கும் மாமா கடைதான். மூன்று வருடம். இவனுக்கு அது கேவலம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் அப்பா அம்மா இருக்கலாம். 'டிகிரி முடிச்சிட்டு இன்னமும் கடையிலயா' என்கிற சொந்தக்காரர்கள் இருக்கலாம். ஒரு கல்லூரி ஆசிரியர்கூட இருக்கலாம். நெல் அறுப்பு சீசனில் களத்துக் கணக்குப் பார்க்கிற பிள்ளை, ஆரணியில் அம்மா நெய்கிற பட்டுக்குக் கூலிக் கணக்கு எழுதுகிற பெண், தீபத்தன்று வாலண்டியராக நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற என்.எஸ்.எஸ். மாணவர் - இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனை பேர்! அத்தனை பேருடைய ஹாபியும் தாளில் 'லிசனிங் டு மியூசிக்'.

அந்த ஜெராக்ஸ் கடையிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. லட்சியத்தைத் தூக்கினோம். கடைக்காரருக்குப் பதறிவிட்டது. "சார், அதான் ஃபார்மட்டு! அது இல்லன்னா எப்பிடி?" என்றார். அந்த இடத்தில் மூன்று வரி போட்டோம். பௌர்ணமி இரவுகளில் உறவினரின் டீக்கடையில் மூன்று வருடம் கொள்முதலும் கணக்கும். ஓர் இரவுக்கு 60 முதல் 120 லிட்டர் பால், நான்கு ஆட்கள். வீணாவதைத் தடுக்க இரண்டு தவணைக் கொள்முதல். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "லிட்டர் கணக்கெல்லாம் போடலாமாண்ணா?" என்றான். "அதைத்தான் முக்கியமாகப் போடணும்" என்றேன்.

"அப்ப புதுசுல பத்தா?" என்றார் கடைக்காரர்.

தம்பி கொஞ்சம் யோசித்தான். "புதுசுல அஞ்சு போடுங்கண்ணா" என்றான். ஏற்கெனவே எடுத்திருந்த பழைய தாள்களில் அஞ்சை எண்ணி, மடங்காமல் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டான். "எதுக்கும் இருக்கட்டும்."